லோடு அண்ணனின் பாண்டிச்சேரி

எங்கள் மலையூர் ஜமுனாமரத்தூரிலிருந்து சந்திரனுக்கு வேன் விட்டால்கூட, "நான் ஏற்கெனவே போனதுதான், பின்னாலயே வாங்க" என்று முன்சீட்டில் ஏறி உட்காரக்கூடிய ஒரே ஆள் லோடு அண்ணன்.

புளி மண்டியில் மூட்டை ஏற்றுபவர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். எப்போதோ ஒருமுறை புளி லோடோடு லாரியில் பாண்டிச்சேரி போய் வந்திருந்தார். அந்த ஒரே தகுதியில், கடைத்தெருக்காரர்கள் பதினெட்டு பேர் போன வருடம் கிளம்பிய ஒருநாள் டூருக்கு அவரே கைடு. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் அந்தப் பதினெட்டில் ஒருவன்.

டிரைவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "மூணு மணிக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன். பனி எறங்கிட்டா மலை ஏற மாட்டேன், அடிவாரத்துல கலசப்பாக்கத்துலயே படுக்கணும்."

பாண்டிச்சேரியில் இறங்கியதும், கம்பில் சிவப்புத் துண்டைக் கட்டிப் பிடித்தபடி லோடு அண்ணன் முன்னே நடந்தார்.

"இந்தச் சொவரெல்லாம் ஏன் மஞ்சளா கீது தெரியுமா? வெள்ளக்காரனுக்குக் கொசுன்னா பயம். அதான் மஞ்சளை அரைச்சுப் பூசிட்டான். அதோ பாரு, தண்ணி டேங்கு."

பக்கத்தில் சுண்டல் விற்றவர், "அது லைட் ஹவுசுங்க" என்றார்.

"அப்போ டேங்குதான். இப்போ லைட் போட்டுட்டானுங்க."

காட்டில் கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேர்கிற மனிதர் அவர். அங்கே மேடும் பள்ளமும் பாறையும் வழி சொல்லும். இங்கேயோ எல்லாத் தெருவும் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. எல்லா முனையிலும் அதே மஞ்சள் சுவர், அதே காகிதப்பூ. ஒரே தேவாலயத்தை மூன்று முறை பார்த்தோம். மூன்று முறையும் வேறு வேறு வரலாறு சொன்னார்.

ஒரு முனையில் வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் ஒன்று எங்களோடு கலந்து பிரிந்தது. லோடு அண்ணன் உடனே தலை எண்ணினார். "பதினேழு, பதினெட்டு. சரியா கீது."

"அண்ணா, பதினெட்டாவது ஆளு இன்னா இவ்ளோ வெள்ளையா கீறாரு?" என்று கேட்டேன்.

தொப்பி போட்ட ஒரு பெரியவர் எங்கள் வரிசையின் கடைசியில் நின்று, அண்ணன் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். காணாமல் போனவர் டைலர் சரோஜா அக்கா. ஐம்பது வயதில் முதல்முறையாகக் கடல் பார்க்க வந்தவர். அவர் போன் வேனில் இருந்தது. மணி இரண்டரை.

அண்ணன் தெருத்தெருவாக ஓடினார். நானும் ஓடினேன். நோட்டுக்காரரும் விடாமல் வந்தார். கடைசியில் அண்ணன் நடைபாதையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஜெராக்ஸு, எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அன்னிக்கு வந்தப்போ லாரியில தூங்கிட்டேன். ஊரையே பாக்கல. நம்பி வந்த பொம்பளையத் தொலைச்சிட்டேனே!"

அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

திடீரென்று எழுந்தார். "காட்டுல ஆளக் காணோம்னா இன்னா பண்ணுவோம்?" என்று கேட்டு, இரண்டு கைகளையும் வாயில் குவித்தார்.

"ஓஓஓ... ஊஊய்!"

புறாக்கள் பறந்தன. ஜன்னல்கள் திறந்தன. சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் எங்களை நோக்கி நடந்துவந்தார். அண்ணன் நிறுத்தவில்லை. மூன்றாவது கூவலுக்கு, இரண்டு தெரு தள்ளி ஒரு குரல் எழுந்தது.

"ஊஊய்ய்!"

சரோஜா அக்கா வந்தார், வெளிநாட்டுக்காரர்கள் புடைசூழ, யாருடைய கூலிங் கிளாஸையோ மாட்டிக்கொண்டு.

"எங்க போய்ட்டக்கா?" என்றேன்.

"இவங்ககூடத்தான். அந்தக் கைடு எவ்ளோ நல்லா சொன்னாரு தெரியுமா?"

"இன்னா சொன்னாரு?"

"யாருக்குத் தெரியும்? பிரெஞ்சுல சொன்னாரு."

நோட்டுக்காரரைத் திருப்பி ஒப்படைத்தோம். பிரிய மனமில்லாமல் அவர் அண்ணனின் கையைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அண்ணன் மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெயிலு" என்றார். மூன்று அடிப்பதற்குள் ஓடிப்போய் வேனைப் பிடித்தோம்.

இந்த வருடம் ஒரு டிராவல்ஸ் மூலம் வேறு ஊருக்குப் போனோம். மைக் வைத்த கைடு. எல்லாம் சரியாகச் சொன்னார். யாரும் தொலையவில்லை. சரோஜா அக்கா வழியெல்லாம் கொட்டாவி விட்டார்.

மறுவாரம், லோடு அண்ணன் மறுபடி டூருக்கு ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டோம். நானும் அக்காவும் அன்றைக்கே புளி மண்டிக்குப் போய்ப் பெயர் கொடுத்தோம். எந்த ஊருக்கு என்று இருவருமே கேட்கவில்லை.