நரம்பணுவுக்கு ஊற்றிய பிளம் சாராயம்

டெப்ரெட்சென்,
மார்ச் 9

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய எடெல்கா அக்காவுக்கு,

தம்பி ஓடோன் வணங்கி எழுதுவது. இங்கே வீட்டில் என் மனைவி மார்கிட் நலம். உன் முழங்காலும் கோழிகளும் நலமாயிருக்க வேண்டும். நான் மட்டும் மனிதர் முகத்தில் விழிக்கும் நிலையில் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ வடித்துக் கொடுத்த பிளம் சாராயத்தை, மார்கிட் கண்டால் கொட்டிவிடுவாளே என்று, ஒரு பழுப்புப் புட்டியில் ஊற்றி, நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் ஒளித்து வைத்தேன். எங்கள் ஆய்வு மாணவி போக்லார்கா கலக்கி வைத்த புதிய வலி மருந்தும் அதேபோன்ற புட்டிதான். சீட்டு ஒட்டுவது என் வேலை. கண்ணாடி போடாமல் ஒட்டினேன், மருந்தின் பெயர் உன் சாராயத்தின்மேல் ஏறிவிட்டது.

அந்தப் பெண் முனைவர் பட்டத்துக்காக நான்கு வருடமாக உழைக்கிறாள். எலியின் தண்டுவடத்தைத் தாள்போலச் சீவி, உப்புநீரில் உயிரோடு வைத்து, ஒரே ஒரு நரம்பணுவில் கண்ணாடி ஊசியைச் செருகுவாள். அது துடிப்பது ஒலிபெருக்கியில் டக் டக்கென்று கேட்கும். வலியைக் கடத்தும் ரசாயனத்தைச் சொட்டினால் ஆலங்கட்டி மழைபோலப் படபடக்கும். பிறகு மருந்தைச் சொட்டினால் அடங்க வேண்டும், அதுவரை எந்த மருந்துக்கும் அடங்கியதில்லை. அன்றைக்கு ரப்பர் மூடி வழியே ஊசியால் உறிஞ்சி எடுத்ததால் அவளுக்கு வாசனை தெரியவில்லை. இரண்டே சொட்டு. கூடமே அமைதியாகிவிட்டது.

"ஓடோன் மாமா, கேக்குதா? ஒண்ணுமே கேக்கலையே!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூன்று வாரம் இப்படியே. பேராசிரியை வில்மா அம்மையார் வியன்னா மாநாட்டுக்கே எழுதிவிட்டார். நேற்று ஒரு மடக்கு குடிக்கலாமென்று என் புட்டியைத் திறந்தேன். சாராய வாசனையே இல்லை. அக்கா, அதில் இருந்தது அவளுடைய மருந்து.

நேரே போய்ச் சொல்லிவிட்டேன். "அம்மா, அந்த நரம்பணு வலி தீர்ந்து தூங்கல. போதையில கெடக்குது."

பேராசிரியை புட்டியை முகர்ந்தார். "பிளம்ஸா?"

"ஆமாங்க. அக்கா வடிச்சது."

"உங்களுக்கு பதிலா அவங்கள வேலைக்கு வெச்சிருக்கலாம்," என்று சிரித்துவிட்டார். போக்லார்காவும், "போனா போகுது மாமா, மறுபடியும் பண்ணிட்டா போச்சு," என்றாள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். கடவுள் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

தலைகுனிந்த தம்பி,
ஓடோன்

பி.கு.: அக்கா, அவர்கள் மன்னித்ததெல்லாம் நானே எழுதிக்கொண்டது. இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. போக்லார்கா பக்கத்து அறையில் பாடிக்கொண்டே மாநாட்டுப் படங்களை ஒட்டுகிறாள். இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நேரே அவளிடம்தான் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் சிரிக்கமாட்டாள்.