சவரம் செய்த விதவை

ஒரு சிரிப்புப் படத்தைக் காட்டி மண்டபம் நிறைய ஆட்களை அழவைத்தவன் நான். வேறு யாராவது உங்களுக்குச் சொல்வதற்கு முன்னர் நானே சொல்லிவிடுவது நல்லது. (டென்மார்க் தமிழரில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பேர் தெரியாததுபோல நடிக்கிறார்கள்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. சில்க்போர்க்கில் ஏரிக்கரையில் இருந்த பழைய ஹோட்டல் ஒன்றை அகதிகள் முகாமாக்கியிருந்தார்கள். உல்லாசப் பயணிகள் மீன் தின்ற சாப்பாட்டு மண்டபத்தில், அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் உருளைக்கிழங்கு தின்றோம். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்தவன். எந்த வசனத்தைத் தந்தாலும் செயப்பாட்டு வினைக்கு மாற்றித் தருவேன். அதனால் முகாமில் எல்லோருக்கும் நான் 'மாஸ்டர்'. ஐரோப்பாவுக்கு ஆங்கிலம் போதும் என்று முடிவு கட்டியிருந்தபடியால் டேனிஷ் வகுப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

முகாம் பொறுப்பாளர் கீர்ஸ்டன் என்ற டேனிஷ் பெண்மணி. எங்கள் ஆட்களை டாக்டரிடமும் நகரசபைக்கும் கூட்டிப்போய்க் கதைப்பதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைச் சம்பளத்துக்கு வைக்க யோசித்துக்கொண்டிருந்தார். அந்த வேலை மாஸ்டருக்குத்தான் என்று முகாமே நினைத்தது. முகாமுக்கு முன்னரே நான் நினைத்துவிட்டேன்.

ஊர்ச்சனமும் நாங்களும் கொஞ்சம் பழகட்டும் என்று, ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பகுதியையும் சேர்த்துவைத்துப் படம் காட்ட ஏற்பாடு செய்தார் கீர்ஸ்டன். பழைய கறுப்பு வெள்ளைப் பிரிட்டிஷ் படம். பேச்சு ஆங்கிலம், கீழே டேனிஷ் எழுத்து.

"உளவாளிகள் படம். நீங்கள் நின்று உங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். அப்படியே உங்கள் மொழிபெயர்ப்பையும் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் என்னிடம். கூடவே, அது ஒரு 'ஃபார்ஸ்' என்றும் சொன்னார். கூத்தடிக்கும் நகைச்சுவை என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. ஆனால் அரைத்த இறைச்சிக்கு டேனிஷில் ஏறக்குறைய அதே உச்சரிப்பு. சமையலறைப் பக்கம் அடிக்கடி காதில் விழுந்த சொல். படம் முடிய இறைச்சி உருண்டை கிடைக்கும் என்று விளங்கிக்கொண்டு முகாம் முழுக்கச் சொல்லிவைத்தேன். மண்டபம் நிரம்பிவிட்டது.

முன்வரிசைகளில் டேனிஷ்காரர். பின்னால் நாங்கள். படம் தொடங்கியதும் மழைக்கோட்டுப் போட்டவர்கள் மூக்கால் படபடவென்று கதைத்தார்கள். ஒருவன் முடிக்குமுன் மற்றவன் தொடங்கினான். என் டியூட்டரியில் யாரும் அப்படி ஆங்கிலம் கதைத்ததில்லை. ஒரு தொப்பி வியாபாரியின் பெட்டி ரயிலில் மாறிப்போய், இரகசியத் திட்டம் இருக்கும் பெட்டி அவன் கைக்கு வந்துவிடுகிறது. கண்ணால் பார்த்தே அதைச் சரியாகச் சொன்னேன். அன்று நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அடுத்த காட்சியில் கறுப்பு உடுப்பும் முகத்திரையுமாக ஒரு கிழவி ஓடிவந்து அந்த வியாபாரியைக் கட்டிப்பிடித்தாள். இரைச்சலுக்குள் 'மதர்' என்ற சொல் கேட்டது. போதாதா?

"இது அவன்ரை தாய். விதவை. மகனைத் தேடி வந்திருக்கிறா" என்றேன்.

கட்டிப்பிடித்தபடியே கிழவி அவனுடைய கோட்டுப் பைகளைத் துழாவினாள்.

"மகன் மெலிஞ்சு போனானோ எண்டு தடவிப் பாக்கிறா."

எங்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் வந்தது. முன்னால் டேனிஷ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகேசன் அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். பருத்தித்துறையில் லொறி ஓட்டியவர். நல்ல உயரம், நல்ல தேகம். தாயைத் தனியே விட்டுவிட்டு வந்தவர்.

"மாஸ்டர், அவையேன் சிரிக்கினம்?"

"அது அண்ணை... வெள்ளைக்காரர் துக்கம் வந்தாச் சிரிப்பினம். அவையின்ரை பழக்கம்."

"பாவங்கள்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அதன் பிறகு எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. கிழவி அலுமாரிக்குள் ஒளித்தால், மகனின் எதிரிகள் அடைத்துவிட்டார்கள் என்றேன். யன்னலால் கடலுக்குள் விழுந்தால், மகனுக்காக உயிரை விடப் போகிறாள் என்றேன். நடுவரிசையில் செல்வராணி என்ற இளம் பெண்ணின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஒருநாள்கூட டேனிஷ் வகுப்பைத் தவறவிடாதவள். அவளும் உருகுகிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் விதவை குளியலறைக்குள் போனாள். முகத்திரையைத் தூக்கினாள். முகம் முழுக்கச் சவர்க்கார நுரை பூசினாள். சவரக் கத்தியை எடுத்தாள்.

அவ்வளவு நீளமான சவரத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"மாஸ்டர், என்ன நடக்குது?"

"கவலை கூடினா..." என்று இழுத்தேன். "கவலை கூடினாப் பொம்பிளையளுக்கும் மீசை வரும்."

"ஐயோ அம்மா!" என்றார் மகேசன் அண்ணை, கண்ணைத் துடைத்தபடி.

முன்வரிசையில் ஒருவர் சிரிப்புத் தாங்காமல் கதிரையைத் தட்டினார். அண்ணையால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து நடந்துபோய்த் திரைக்கு முன்னால் நின்றார். நுரை பூசிய விதவை இப்போது அவருடைய சேர்ட்டில் சவரம் செய்துகொண்டிருந்தாள்.

"ஒரு தாய் படுற பாட்டைப் பாத்துச் சிரிக்கிறியளே! உங்களுக்கெல்லாம் தாய் இல்லையோ?"

கீர்ஸ்டன் அவசரமாக என்னிடம் வந்து, அவர் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"படம் அவருக்கு நன்றாகப் பிடித்திருக்கிறதாம்" என்றேன். (வேறு என்னத்தைச் சொல்ல?)

கீர்ஸ்டன் அதை டேனிஷில் அறிவித்தார். டேனிஷ்காரர் மகிழ்ந்துபோய்க் கைதட்டினார்கள். அழுதுகொண்டு நிற்கும் மனிதருக்குக் கைதட்டினால் எப்படி இருக்கும்? மகேசன் அண்ணை சேர்ட்டுக் கையை மடிக்கத் தொடங்கினார்.

செல்வராணி எழுந்துவிட்டாள்.

"அண்ணை, கொஞ்சம் இருங்கோ! அது தாயில்லை. ஆம்பிளை. உளவாளி. அந்தாளின்ரை பொக்கற்றுக்கை கிடக்கிற, பெட்டியை வைச்சுப் பூட்டின அறைத் திறப்பை எடுக்கத்தான் வேஷம் போட்டவன். கீழை எழுத்திலை வருகுது. இது சிரிப்புப் படம்."

பிறகு கீர்ஸ்டன் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்தி டேனிஷில் ஏதோ விளக்கினாள். மீசை விஷயத்தையும் விடவில்லைப் போலும். டேனிஷ்காரர் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். அதன் பிறகு மண்டபத்தில் எழுந்த சிரிப்பில் தமிழ், டேனிஷ் என்ற பேதம் இருக்கவில்லை. ஊர்ச்சனமும் நாங்களும் பழகத் தொடங்கியது அன்றுதான்.

மகேசன் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. நேரே வந்து என் தோளில் கைவைத்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளை டேனிஷ் படிக்கத் தொடங்கி எத்தினை நாள்? நீர் இங்கிலிஷ் மாஸ்டர். நீர் சொன்னதைத்தான் நான் நம்புறன்."

"இல்லை அண்ணை, அவ சொன்னதுதான் சரி."

"விட்டுக் குடுக்கிறீர். நல்ல மனசு" என்றுவிட்டுப் போனார். அன்று வாங்கியதில் அந்த அடிதான் பலமானது.

இறைச்சி உருண்டை வராததும் என் கணக்கில்தான் சேர்ந்தது.

திங்கட்கிழமை பல் டாக்டரிடம் ஒருவரைக் கூட்டிப்போக வெளிக்கிட்டு நின்றேன். அவர் நெளிந்தார்.

"குறை நினையாதேங்கோ மாஸ்டர், செல்வராணி வாறாவாம். நீங்கள் வந்தா நல்ல பல்லைப் புடுங்கிப் போடுவாங்கள்."

வேலை செல்வராணிக்குப் போயிற்று. நான் டேனிஷ் வகுப்பில் முன்வாங்கில் போய் உட்கார்ந்தேன். வீட்டுப்பாடம் கேட்கிற சாட்டில் அவளோடு கதைக்கத் தொடங்கி, கடைசியில் கல்யாணமே செய்துகொண்டேன். மாப்பிள்ளை எப்படி என்று ஊரிலிருந்து கேட்டதற்கு, "நல்லாக் கதை சொல்லுவார்" என்று எழுதினாளாம். எங்கள் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல. வீட்டில் நான் எதையாவது விளங்கப்படுத்தத் தொடங்கினால் இன்றைக்கும் டேனிஷில் கேட்பார்கள்: "அப்பா, இது உண்மையா, இல்லாவிட்டால் விதவையா?"

மகேசன் அண்ணை இப்போது ஒடென்சேயில், மகன் குடும்பத்தோடு இருக்கிறார். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அந்தத் தாயின்ரை படம் டிவியிலை போகுது. பேத்தி உருண்டு பிரண்டு சிரிக்கிறாள். நான் சொன்னாக் கேக்கிறாள் இல்லை. நீர் ஒருக்கா விளங்கப்படுத்தும்" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டார்.

பேத்தி மூச்சு வாங்க டேனிஷில் கேட்டாள்: "அங்கிள், இது ஒரு ஆள் பெண் வேஷம் போட்டு ஏமாற்றுகிற படம்தானே? பிறகேன் அப்பப்பா அழுகிறார்?"

செல்வராணி எதிரில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எனக்கு டேனிஷ் நன்றாகவே வரும்.

"நீ சொல்வதுதான் சரி, பிள்ளை" என்றேன். "ஆனால் அந்தாள் சவரம் செய்து முடிக்கும்வரைக்கும் அப்பப்பாவுக்குப் பக்கத்தில் போய் இரு."