சாப்பிட்டிருப்பீர்கள், தங்கள் திருத்தம் வேண்டாம்

அடுத்தவன் எழுதியதைக் குப்பை என்று திருப்பி அனுப்பியவர்கள் உலகத்தில் ஏராளம். சாப்பிட்டீர்களா என்று விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பியவர் எங்கள் பியூஸண்ணன் ஒருவர்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் கடைசி. காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ். நான் தினமும் பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோய், தறிக்காரர்களுக்கும் பம்புசெட் கம்பெனிகளுக்கும் புரோகிராம் எழுதினேன். பியூஸண்ணனுக்கும் அதே வேலைதான். ஆனால் சம்பளமே இல்லாத இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. அதைத்தான் மனிதர் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பத்துப் பேர் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதினால், எந்த வரியை யார் மாற்றினார் என்று நினைவு வைத்து, கேட்டால் பழையதை அப்படியே எடுத்துக் கொடுக்க ஒரு மென்பொருள் உண்டு. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்துவிட்ட சமாச்சாரம் அது. திருத்தியவர்கள் அதை 'பேட்ச்' என்று ஈமெயிலில் அனுப்புவார்கள். வந்ததைப் படித்து, சேர்க்கலாமா கூடாதா என்று சொல்ல நாலைந்து பேர். எல்லாரும் கடல் தாண்டி இருக்க, கோயமுத்தூரில் நம்ம பியூஸண்ணன்.

"இந்தப் பதவி உங்களுக்கு எப்படிங்ணா கெடச்சுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் அனுப்புனத நாலு தடவ வேண்டாம்னாங்க அம்மிணி. அஞ்சாவது தடவ சேத்துக்கிட்டு, இனி நீயே பாருன்னு உட்டுட்டாங்க."

பேட்ச் வந்தால் அச்சடித்து, தேவாரம் மாதிரி வாய்விட்டுப் படிப்பார். அப்புறம் கம்ப்யூட்டரில் ஓடவிடுவார். அது பைலை எழுதிக்கொண்டிருக்கும்போதே விறுவிறுவென்று மாடிப்படி மீட்டர் பெட்டிக்குப் போய், பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவார்! ஆபீஸே அணைந்து போகும். கீழே ஜவுளிக்கடையிலும் பேன் நின்று, "அட, நாசமாப் போக!" என்று ஒரு குரல் வரும். அவர் அசரவே மாட்டார். கட்டையை மாட்டிவிட்டு வந்து, பழைய பைல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் பேட்ச் அவுட்.

"அண்ணா, உங்க பிளக்க மட்டும் புடுங்குனாப் பத்தாதுங்களா?"

"கரண்டு போனா ஒரு ஊட்டுக்கு மட்டுமா அம்மிணி போகுது?"

அவுட்டான பேட்சை அனுப்பியவருக்கு அப்புறம் ஈமெயில் போகும்.

'மதிப்பிற்குரிய ஐயா, நலமா? சாப்பிட்டிருப்பீர்கள். தங்கள் திருத்தம் எங்களுக்கு வேண்டாம்.' இதை அப்படியே இங்கிலீஷில் எழுதுவார். ஒரு ஜெர்மன்காரர் வெள்ளந்தியாக, "ரொட்டி சாப்பிட்டேன். ஏன் வேண்டாம்?" என்று கேட்டிருந்தார். இவர், ரொட்டி மட்டும் போதாது, உடம்பைப் பாருங்கள் என்று தொடங்கி, ஏன் வேண்டாம் என்று இரண்டு பக்கம் எழுதினார்.

இப்படி இருக்கையில், ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எங்கள் ஆபீசுக்குப் பெரிய ஆர்டர் தருவதாக இருந்தது. அவர்கள் எழுதிய பேட்ச் ஒன்று அந்த மென்பொருளில் ஏற வேண்டும், அவ்வளவுதான். அதைப் பார்க்கவேண்டியவர் பியூஸண்ணன். "நம்ம ஆளு கையிலதானுங்க இருக்குது!" என்று முதலாளி மைசூர்பாகே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

பேட்ச் வேலையை வேகமாக்கியது வாஸ்தவம். புதுப் பைலைத் தனியே எழுதி முடித்து மாற்றி வைக்காமல், பழையதன் மேலேயே எழுதியது. அண்ணன் மைசூர்பாகைத் தின்றுவிட்டுப் போய்க் கட்டையைப் பிடுங்கினார். பழையதும் போச்சு, புதியது பாதியில் நின்றது. 'சாப்பிட்டிருப்பீர்கள். புதுச் சட்டை தைத்து வருவதற்குள் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டீர்கள். வேண்டாம்' என்று எழுதிவிட்டார்.

முதலாளி ஓடி வந்தார். "ஏனுங், சரின்னு ஒரு வார்த்த எழுதிப்போட்டா என்னங் கொறஞ்சு போகுது? அவங்க நாட்டுல கரண்டே போகாதுங்க!"

"இது அவங்க நாட்டுக்கு மட்டுமுங்களா? நம்மூர்ல ஒருத்தன் ரெண்டு வருசமா எழுதுனது போயிருச்சுன்னா நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

"இந்த ஆபீஸ் லைன்லதான் உங்க மெயிலெல்லாம் வருது. சரின்னு எழுதுங்க. இல்லீன்னா லைனும் இல்லீங்க, நாற்காலியும் இல்லீங்க."

அப்போதெல்லாம் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் இன்டர்நெட்டுக்கு எங்கே போவது? லைன் போனால் அவர் உயிராக நினைத்த வேலை போச்சு. எனக்கோ ஆத்திரம். ஆர்டர் போனால் எங்கள் பிழைப்பும் சேர்ந்தல்லவா ஆட்டம் காணும்!

"உட்டுக் குடுத்துருங்ணா," என்று கெஞ்சினேன்.

"என்னோடதா இருந்தாக் குடுத்துருவேன் அம்மிணி. இது என்னோடது இல்லீங்களே."

சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்றார். "பாத்துப் போங்க" என்றார் முதலாளி. துரத்தும்போதும் மரியாதை குறையாது எங்கள் ஊரில்.

ஆர்டர் வரவில்லை. ஆபீசும் மூழ்கிவிடவில்லை. அண்ணன் பல்லடத்தில் ஒரு தறிக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கம்ப்யூட்டர் உண்டு, லைன் கிடையாது. ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிர் பேக்கரியில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். முகம் பாதியாகிவிட்டது.

"ஏதாச்சும் வந்துச்சுங்களா அம்மிணி?"

என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதோ! அவருடைய மெயில் பெட்டியை மூட முதலாளி மறந்திருந்தார். மறுநாளிலிருந்து அவருக்கு வந்ததையெல்லாம் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு போய் அந்தப் பேக்கரியில் கொடுத்தேன். காலையில் அவர் தரும் பதில்களை ஆபீஸ் லைனிலேயே அனுப்பினேன். மாட்டினால் அடுத்து என் நாற்காலிதான். தெரிந்துதான் செய்தேன்; அதற்கென்ன இப்போ?

ஒருநாள் மாட்டினேன். மெயிலைப் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தால் முதலாளி நிற்கிறார்.

"என்னங் அம்மிணி இது?"

"பியூஸண்ணனுக்கு வந்த பேட்சுங்க. நாந்தான் கொண்டுபோய்க் குடுக்கறேன். இனியும் குடுப்பேனுங்க."

அவர் குனிந்து படித்தார். அனுப்பியது அதே வெளிநாட்டுக் கம்பெனி. 'நீங்கள் சொன்னது சரி. மாற்றி எழுதியிருக்கிறோம். மறுபடி பார்த்துச் சொல்லுங்கள்.'

முதலாளி அதை இன்னொரு தடவை படித்தார்.

"திரும்பி வரச் சொல்லட்டுங்களா?" என்றேன்.

"கூப்புட்டா வந்துருவாராக்கும்!" என்றவர், மேஜையைத் திறந்து ஒரு புதுப் பிளாப்பியை நீட்டினார். "ஒண்ணையே நம்பிக் கொண்டு போறீங்களே, பஸ்ல நசுங்கிப் போச்சுன்னா அந்த மனுசன் என்னத்தப் படிப்பாரு? இதுலயும் ஒரு காப்பி போட்டுக்குங்க."

அன்றைக்குப் பல்லடம் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. இரண்டு பிளாப்பியையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். அந்த மனிதருக்குப் படிக்க ஒன்றுமில்லாத சாயங்காலம் ஒன்றுகூட வரக்கூடாது என்றிருந்தது எனக்கு.