இரண்டு பிடி மிளகாய்

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் எனக்குச் சம்பளம் கொடுத்ததே சந்தேகப்படுவதற்குத்தான். தேறிய பம்பையும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவேன். அந்தப் புத்தியைக் கம்பெனி கேட்டோடு விட்டுவிட்டு வந்திருந்தால், ஆனைமலையில் அத்தனை பேர் முன்னால் கண்ணைப் பிடித்துக்கொண்டு குதித்திருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான முதல் வருஷம். ஆடி நோம்பிக்குக் காரமடையில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். மாமனார் எனக்கு மோதிரம் போட்டார். என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் சகலை, மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்பவர், அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல கனமுங்க சகலை. எனக்குப் போட்டது இதுல பாதிகூட இருக்காதுங்க" என்றார்.

எனக்குள் மணி அடித்தது. படுக்கப் போகுமுன் மோதிரத்தைத் தலையணை உறைக்குள் ஒளித்தேன். அது போதாது என்று பல்பொடி டப்பாவுக்கு மாற்றினேன். பிறகு சாக்ஸுக்குள். காலையில் பார்த்தால் மூன்று இடத்திலும் இல்லை.

"போட்ட மறுநாளே தொலைச்சுபோட்டாரே" என்ற பேச்சு சமையலறையிலிருந்து காதில் விழுந்தது. மோதிரம் போனால் போகிறது. ஒரு மோதிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத மாப்பிள்ளை என்ற பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளுமே! வேறு யாரோ எடுத்தார்கள் என்றால்தான் என் மானம் மிஞ்சும்.

வழி சொன்னது மாமியார். "ஆனைமலை மாசாணியம்மன் கோயலுக்குப் போயி மொளகா அரைச்சுபோட்டு வந்தர்லாமுங்க மாப்பள. எடுத்தவனுக்கு ஒடம்பு எரிஞ்சு, தானாக் கொண்டாந்து குடுத்துருவான்."

"நானும் வாரனுங்க" என்றார் சகலை. (கவனியுங்கள், கூப்பிடாமலே!)

வேனில் மாமியார் தணிந்த குரலில் கதை சொல்லிக்கொண்டு வந்தார். "அது ராசா காலத்து ஊருங்க. ராசா தோட்டத்து மாங்கா ஒண்ணு ஆத்துல மெதந்து வந்துச்சாம். குளிக்கப் போன புள்ள தெரியாம எடுத்துத் தின்னுபோட்டா. ஒரே ஒரு மாங்காய்க்காக அவளக் கொன்னுபோட்டானுங்க. அவதான் மயானத்துல மாசாணியாப் படுத்திருக்கறா. அநியாயத்த உடமாட்டா."

சகலை எச்சில் விழுங்கினார். மனதில் குறித்துக்கொண்டேன்.

கோயிலில் அம்மன் பெரிய உருவமாக மல்லாந்து படுத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கே முதுகு சில்லிட்டது. அரைக்கும் கல்லின் முன் உட்கார்ந்து, சகலையை நினைத்தபடி ஒரு பிடி வரமிளகாயை அரைத்தேன். விழுதை, நியாயம் கேட்டு வருகிறவர்கள் பூசும் நீதிக்கல்லில் அப்பிவிட்டு வந்தால், அடுத்து அவரே உட்கார்ந்துவிட்டார்.

"வந்தது வந்துட்டோம், நானும் ஒரு பிடி அரைச்சுபோடறனுங்க."

எடுத்ததும் இவர், எடுத்தவனுக்கு எதிராக அரைப்பதும் இவரா? என்ன நெஞ்சழுத்தம்! அவர் முகம் எங்கேயாவது சிவக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. மூக்குக் கண்ணாடிக்குள் விரலை விட்டுத் துடைத்தேன்.

(கை கழுவியிருக்கவில்லை.)

நான் போட்ட அலறலில் மொத்த வரிசையும் திரும்பியது. யாரோ ஒரு அம்மணி கிட்டே வந்து, "அம்மா கையோட காட்டிக் குடுத்துட்டா பாருங்க. எடுத்தத ஒத்துக்க கண்ணு, எரிச்சல் நின்னுபோகும்" என்றார். மாமனார் யாரோ எவரோ என்பதுபோல் நகர்ந்து நின்றார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

கைத்தாங்கலாகக் குழாயடிக்குக் கூட்டிப்போனவர் சகலைதான். என் கண்ணாடியைக் கழற்றி, என் சட்டைப் பையிலிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத் திறந்தார். உள்ளே, துடைக்கும் துணிக்கு அடியில், மோதிரம்.

தூக்கக் கலக்கத்தில் நாலாவதாக ஒரு இடத்துக்கு மாற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வேன் பொள்ளாச்சி வரும்வரை எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பாவமும் அறியாத மனுஷனை நினைத்தல்லவா அரைத்திருக்கிறேன்! டீக்கடையில் பஜ்ஜி தின்னும்போது அவருக்கு விக்கல் வர, எனக்கு உயிரே போய்விட்டது.

அடுத்த வாரம் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஆனைமலைக்குக் கிளம்பினேன். மிளகாய் அரைத்தவர்கள் காரியம் முடிந்ததும் அம்மனுக்கு எண்ணெய்க் காப்பு செய்து குளிர வைக்கவேண்டும். நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு வரிசையில் நின்றால், எனக்கு முன்னால், கையில் பாட்டிலோடு சகலை!

என் பாட்டிலை அவரும், அவர் பாட்டிலை நானும் பார்த்தோம். அவர்தான் முதலில் ஒப்புக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சகலை. மாமாகிட்ட இன்னொரு மோதரம் வாங்கோணும்னு நீங்களே ஒளிச்சுபோட்டு நாடகம் ஆடறீங்கன்னு நெனச்சனுங்க. உங்களத்தான் நெனச்சு அரைச்சுபோட்டேன். உங்க கண்ணு எரிஞ்சதப் பாத்ததுமே, நான் அரைச்சதுதான் பலிச்சிருச்சுன்னு நெனச்சுட்டனுங்க."

நானும் என் பங்கைச் சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் முறைக்கும் அளவுக்குச் சிரித்தோம்.

இன்றைக்கும் வீட்டில் சாவி காணாமல் போனால், "மொதல்ல அப்பாவோட கண்ணாடிப் பொட்டியப் பாருங்க" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் கண் எரிந்தது கை கழுவாததால்தான், அவர் அரைத்த மிளகாயால் அல்ல என்று சகலையிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "அப்படியே வெச்சுக்கலாமுங்க" என்று சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.