கசிவே இல்லாத குளிரூட்டி

உலகத்திலேயே ஒரு துளி வாயுகூடக் கசியாத குளிரூட்டி ஒன்றுதான் உண்டு. அது மொராவா ஆற்றங்கரையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில், மருத்துவப் புலத்தின் நிலவறையில் இருக்கிறது. கசிவில்லை என்று அரசாங்கமே அதற்கு நான்கு முறை பித்தளைத் தகடு வழங்கிச் சிறப்பித்திருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு தடவை புது வாயு நிரப்ப வேண்டியிருக்கிறது என்பது மட்டுமே அதன் சின்னக் குறை.

அந்தச் சின்னக் குறைதான் ரதோய்காவின் தூக்கத்தைக் கெடுத்தது. அவள் 'குளிர்வாயு ஒழுங்குமுறை இணக்கப் பிரிவின்' தலைவி. பிரிவு என்றால் அவளும் ஒரு காப்பிக் கெண்டியும்.

குளிரூட்டி வேலை செய்யும் விதம் மிக அழகானது. கம்ப்ரசர் வாயுவை அழுத்துகிறது. அழுத்தினால் அது சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகிறது. குளிர் அறைக்குள் போனதும் மறுபடி வாயுவாக விரிகிறது. விரியும்போது அறையின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு கம்ப்ரசருக்கே திரும்புகிறது. அதே வாயு, அதே வட்டம். வாயு செலவாவதே கிடையாது. ஆகவே வாயு குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

கசிந்த வாயு வானத்துக்குப் போய்ப் பூமியைச் சூடாக்கும் என்பதால் சட்டம் கடுமையானது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் ஒரே ஆண்டில் மூன்றாம் தடவை வாயு நிரப்பக் கூடாது. இந்த ஆண்டு இரண்டு தடவை ஆகிவிட்டது. அளவுமானியின் முள்ளோ மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்டி ரதோய்கா, உள்ள என்னோட ஒன்பது வருஷ உழைப்பு இருக்கு," என்றாள் டாக்டர் தெசான்கா. குளிர் அறையில் அவள் சேகரித்த ரத்த மாதிரிகள் இருந்தன. "அது உருகிச்சுன்னா நான் உன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துருவேன். சோறும் நீதான் போடணும்."

"வாயு எங்க போகுதுன்னே தெரியலடி."

"எங்க போகும்? உங்க கமிட்டி மூளைக்கு ஏறியிருக்கும். அங்கதான் நிறைய காலி இடம் இருக்கு."

மருத்துவப் புலத்தின் கமிட்டி கூடியது. துணைத் தலைவர் பேராசிரியர் திஹோமிர் தலைமை தாங்கினார்.

"வாயுவுக்கும் வயசாகும்ல? அதான் சுருங்குது," என்றார் அவர்.

"சார், அது மூடின குழாய்க்குள்ள சுத்துற வாயு. குறையுதுன்னா கசியுது."

"கசியலன்னு நாலு தகடு சொல்லுது. நீ ஒருத்தி சொல்றே. நான் யாரை நம்ப?"

இந்தக் கேள்வியின் ஆழத்தைக் கண்டு சபை மேசையைத் தட்டியது. வாயு குறைவது 'இயற்கையான ஓய்வு' என்று தீர்மானம் நிறைவேறியது. ஆனாலும் ரதோய்காவின் மன அமைதிக்காக அரசு ஆய்வாளர் வுக்காஷினை அழைக்க ஒப்புக்கொண்டார்கள்.

விருந்தாளியை வரவேற்பதில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஈடு கிடையாது. நிலவறைக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். கசியும் இடத்தில், வாயுவோடு வெளிவரும் கம்ப்ரசர் எண்ணெய் குழாய் மேல் பிசுபிசுக்கும். ஓட்டை தேடுவோருக்கு அதைவிட நல்ல தடயம் இல்லை. ஆகவே குழாய்களை ஒரு பிசுக்குகூட இல்லாமல் துடைத்துப் பளபளக்க வைத்தார்கள். பெயின்ட் வாடை போக எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வைத்தார்கள். வரவேற்புரை கேட்க வேண்டுமே என்று இயந்திரத்தையும் நிறுத்தினார்கள்.

வுக்காஷின், கசிந்த வாயு பட்டால் கத்தும் மோப்பக் கருவியோடு வாசல்வரை வந்து நின்றுவிட்டார்.

"ஐயோ, குறுக்குக் காத்து!"

அந்த ஊரில் எதிரெதிர் சன்னல் திறந்த அறைக்குள் புத்தியுள்ளவர் யாரும் நுழைய மாட்டார்கள். கழுத்துப் பிடிக்கும், பல் வலிக்கும், காது அடைக்கும். வுக்காஷினின் பெரியப்பாவே குறுக்குக் காற்றில்தான் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்குத் தொண்ணூற்று நாலு வயது.

"சன்னலைச் சாத்தட்டுமா?" என்றாள் ரதோய்கா.

"சாத்தினா பெயின்ட் வாடையில தலைவலிக்கும்மா. இங்கிருந்தே நல்லாத் தெரியுது." கருவியை வாசலிலிருந்து நீட்டிப் பிடித்தார். அது வாயே திறக்கவில்லை. "சுத்தம்! இப்படி ஒரு இயந்திரத்த நான் பார்த்ததே இல்ல."

அது உண்மை. அன்றும் அவர் பார்க்கவில்லை. ஐந்தாவது தகட்டைக் கொடுத்துவிட்டு, கருவியை வாசலோர முக்காலியில் மறந்துவிட்டு, பிளம் சாராயத்துக்கு மாடியேறினார்.

"தகட்டை மாட்டிட்டு வந்துடும்மா. மத்ததோட சேர்த்தே கட்டிடு," என்று திஹோமிரும் ஏறிப் போனார்.

சுவரில் மாட்டினால் ஓதத்தில் கறுத்துவிடும் என்று, தகடுகளை எப்போதும் இயந்திரத்தின் செப்புக் குழாயிலேயே கம்பியால் கட்டித் தொங்கவிடுவார்கள். ரதோய்காவுக்கு ஏற்கெனவே கழுத்துப் பிடித்திருந்தது. முதல் வேலையாக இரண்டு சன்னல்களையும் சாத்தினாள். தெசான்காவின் ரத்தம் நினைவுக்கு வர, இயந்திரத்தை ஓடவிட்டாள். முக்காலியை இழுத்துப் போட்டு, அதன் மேல் கிடந்த கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள்.

கருவி வீறிட்டது.

இயந்திரத்தை நிறுத்தினாள், கருவி அடங்கியது. ஓடவிட்டாள், மறுபடி அலறல். சத்தம் கேட்டுத் தெசான்கா ஓடிவந்தாள். பின்னாலேயே திஹோமிர், கையில் சாராயக் கிண்ணத்தோடு.

"கருவி கெட்டுப்போச்சு," என்றார் அவர்.

"இல்ல சார், இங்க பாருங்க. இயந்திரம் ஓடுறப்ப குழாய் அதிருது. அதிர்ந்தா தகட்டோட விளிம்பு குழாய அறுக்குது. முதல் தகடு மாட்டினதுலேர்ந்து அறுத்துட்டே இருக்கு."

"அப்போ நிறுத்தினா ஏன் கத்தல?"

"நிறுத்தினா தகடு ஓட்டை மேலயே உக்காந்து மூடிக்குது."

தெசான்கா சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது. "ப்ரொபசர், நாலு தகடு சாட்சி சொல்லுதுன்னீங்களாமே. நாலு சாட்சியும் கத்தியோடதானே நிக்கிறாங்க!"

திஹோமிர் கிண்ணத்தைக் காலி செய்தார்.

"ரதோய்கா, இப்படி ஒரு கண்டுபிடிப்புக்குப் பல்கலைக்கழகம் உனக்கு ஒரு தகடு வழங்கியே ஆகணும்."

"எங்க சார் மாட்டுவீங்க?"

அவர் கண்கள் பழக்கதோஷத்தில் குழாயின் பக்கம் போயின. அதற்குள் ரதோய்கா இடுக்கியை எடுத்துவிட்டாள்.

கம்பியை வெட்டினாள். தகடுகளைக் கழற்றினாள். மறுநாள் குழாயின் ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தார்கள். சட்டப்படி மூன்றாம் முறை வாயு நிரப்பினார்கள். அதன் பிறகு முள் இறங்கவில்லை. கசிவில்லை என்று சொன்ன தகடுகளை எடுத்ததும் கசிவு நின்றது.