சி டிரைவ் காணாமல் போன விவரம்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, எம்பிராய்டரி மெஷின் மூவரும் நலம். கம்ப்யூட்டரின் நலம் கீழே. ஃபோனிலேயே சொல்லலாம்தான், ஆனால் உன் அம்மா பக்கத்தில் நிற்கிறாள்.

முதலில் என் மானம் போன கதை. போன வாரம் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் கடைக்கு வந்து, சட்டையில் தைக்க நூற்றிருபது சின்னம், சனிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுக் குடுத்திருக்கா சார். வைரஸ் வாசப்படி ஏறாது" என்று பெருமையடித்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைக்கிற இடம் தெரியாமல் கால் மணி நேரம் தேடினேன். கடைசியில் அவரே குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

நீ விளக்கியது எனக்குப் புரியாமல் இல்லை. நம் டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸுக்கென்று செய்தது. லினக்ஸில் தானாக ஓடாது. அதனால் நடுவில் ஒரு புரோகிராம் உட்கார்ந்து, அது கேட்பதையெல்லாம் எடுத்துக்கொடுத்து, பழைய வீட்டில்தான் இருக்கிறோம் என்று அதை நம்பவைக்கிறது. முறுக்கிக்கொள்ளும் மாப்பிள்ளையைச் சமாளிக்கிற மாமனார் மாதிரி. இவ்வளவும் புரிந்தவன், செவ்வாய்க்கிழமை சும்மா இருக்காமல் கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணலாமே என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்துகொண்டே போனேனா, மறைத்து வைத்திருந்த ஒன்றுக்குள்ளே சி டிரைவ் என்று கிடந்தது. தூக்கிவாரிப் போட்டது. விண்டோஸைத்தான் துரத்தியாச்சே, அதோட சாமான் இன்னும் எதுக்கு இங்கே, பிள்ளை அவசரத்தில மறந்துட்டுப் போயிட்டா, நாமாவது கூட்டித் தள்ளுவோம்னு அழிச்சேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணினேன். பண்ணிட்டு, கை வேற கழுவினேம்மா. அப்புறம் சாஃப்ட்வேரை அழுத்தினா அசையவே இல்லை. மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த நாற்காலியை உருவினது நான்தான்னு அப்போதான் விளங்கிச்சு. வரைந்து வைத்திருந்த சின்னமும் அதோடு போயிற்று.

"என்ன, திரையையே முறைச்சிட்டு இருக்கீங்க?" என்றாள் உன் அம்மா.

"லோடு ஆகுது."

"ரெண்டு நாளாவா?"

இன்று வியாழன். சின்னம் தராவிட்டால் வாத்தியார் அடுத்த தெருக் கடைக்குப் போவார். அவரோடு பள்ளிக்கூடமே போகும். இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் சனிக்கிழமை தாண்டிவிடும் என்பதும் தெரியும். இருந்தாலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்கிறேன்: லினக்ஸை எடுத்துவிட்டு எனக்கு விண்டோஸையே போட்டுக்கொடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கழுத்து வலிக்கக் குனிந்து உட்காராதே. எப்போதும் நன்றாக இரு.

உன் அப்பா

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. உறையை ஒட்டுவதற்குள் உன் அம்மா உனக்கு ஃபோன் போட்டுவிட்டாள். நீ அங்கிருந்தபடியே கம்ப்யூட்டருக்குள் வந்து, திரையில் அம்பு தானாக ஓடி, அரை மணியில் எல்லாம் சரி. மெஷினில் சின்னம் ஓடுகிற சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். லினக்ஸே இருக்கட்டும். தினமும் தானாக நகல் எடுத்துவைக்க நீ முன்பே ஏற்பாடு செய்திருந்த ஃபோல்டரையும் பார்த்தேன்; சின்னம் அதிலிருந்துதான் திரும்பி வந்தது. பெயர், 'அப்பா அழிச்சதுக்கு அப்புறம்'. "பேரைப் படிச்சீங்களாப்பா?" என்று ஃபோனில் கேட்டாய். "எழுத்து ரொம்பப் பொடிசும்மா" என்று சமாளித்தேன். சொல்லாமல் விட்டது இதுதான்: அதைப் படித்ததும், நீ ஊருக்கே போகாமல் பக்கத்து அறையிலிருந்து என்னைக் கேலி பண்ணுகிற மாதிரி இருந்தது.