லீவு கேட்டால் ஆலோசனை தருபவர்

அரசு அலுவலகங்களில் வாழும் உயிரினங்களில் ‘பரிந்துரைப்பவர்’ என்று ஒரு வகை உண்டு. பைலைப் பரிந்துரைப்பவர் அல்ல. அது வேறு இனம், அதற்குச் செலவாகும். இவர் மனிதர்களுக்குப் பரிந்துரைப்பவர். உங்களுக்குத் தலைவலி என்றால் மாத்திரையின் பெயர் சொல்வார், மகளுக்கு வரன் அமையவில்லை என்றால் ஜோசியரின் நம்பர் தருவார், வீட்டில் சண்டை என்று நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம், சட்டை கசங்கியிருப்பதைப் பார்த்தே கண்டுபிடித்து, பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லித் தோளில் தட்டுவார். ஊரில் எல்லாருக்கும் எங்கோ ஒரு கோளாறு, தமக்கு மட்டும் இல்லை என்பது அவர் நம்பிக்கை. நம்பிக்கை என்பதுகூடக் குறைவு. அதுதான் அவர் மதம்.

திருத்தணி பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் விஜயராகவன் இந்த வகையில் அப்பழுக்கற்ற மாதிரி. எந்தத் துறை என்று கேட்காதீர்கள். தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடும் ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை வழங்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, அலுவலகத்தில் மிகவும் மகிழ்ந்தவர் அவர்தான். பழைய ரெக்கார்டு அறையில் கால் ஒடிந்த நாற்காலிகளை அப்புறப்படுத்தி, மின்விசிறி மாட்டி, ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டார். புதன்கிழமைதோறும் திருவள்ளூரிலிருந்து ஞானம்மாள் என்ற ஆலோசகர் வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசாத அம்மாள். ஆட்களை அனுப்பி வைப்பது மட்டும் விஜயராகவன் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு அல்ல, அவரே எடுத்துக்கொண்டது.

முதலில் போனவர் அலுவலக உதவியாளர் எல்லப்பன். மதியத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார், குடும்பத்தில் ஏதோ சரியில்லை என்பது கண்காணிப்பாளரின் கணிப்பு. சரியில்லைதான். அலுவலக நேரம் முடிந்தும் விஜயராகவன் எழுந்திருக்க மாட்டார். அவர் எழாமல் அலுவலகத்தைப் பூட்ட முடியாது. சாவி எல்லப்பனிடம். இருட்டின பிறகு பூட்டிவிட்டு ஓடினால் கே.ஜி.கண்டிகை பஸ் போயிருக்கும். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் தூங்கியிருக்கும்.

அடுத்தது அனுராதா. அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவள். கணவன் கௌதமன் ரயில் ஓட்டுநர். எந்த வேளையில் வீட்டில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. அவள் வந்து மேஜை முன்னால் நின்றது ஒரே ஒரு விஷயத்துக்காக.

“சார், ஆடிக் கிருத்திகை அன்னிக்கு எனக்கு மலையில திருவிழா டியூட்டி போட்டிருக்கீங்க. அன்னிக்குத்தான் பையனுக்குத் தொண்டையில ஆபரேஷன். அவரும் வண்டிக்குப் போயிடுவாருங்க.”

“ஆபரேஷன் சின்னதும்மா. நீதான் அதைப் பெருசாக்கிக்கினு இருக்கே. புதன்கிழமை மேடம் வருவாங்க, போய்ப் பேசு. மனசு லேசாயிடும்.”

லீவு கேட்டவளுக்கு ஆலோசனை கிடைத்தது. புதன்கிழமை அவள் ஞானம்மாளின் எதிரில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

“எனக்கு மன அழுத்தம் எதுவும் இல்லைங்க மேடம். லீவுதான் இல்ல. இந்த வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்.”

வந்தவர்கள் கதை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கியது. ஒன்று கண்டிகை பஸ்ஸில், ஒன்று அரக்கோணம் ரயிலில், இன்னொன்று மாமியாரின் சர்க்கரை வியாதியில். முடிந்ததென்னவோ எல்லாம் கண்காணிப்பாளரின் மேஜையில்தான். ஆனால் அந்த அறையில் கேட்டதை வெளியே சொல்வது ஞானம்மாளின் தொழிலுக்கு ஆகாது. அதனால் அவர் விஜயராகவனைக் கூப்பிட்டு, எல்லாரும் வந்தாயிற்று, ஒருவர் மட்டும் பாக்கி என்றார். யார் என்று ஆவலாகக் கேட்டார் விஜயராகவன். நீங்கள்தான் என்றார் ஞானம்மாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். ஆனால் மேலே இருக்கிறவர் நேரத்துக்குக் கிளம்பிக் காட்டினால்தானே மற்றவர்களும் கற்றுக்கொள்வார்கள் என்று அந்த அம்மாள் சேர்த்துச் சொன்னதில் அவர் குளிர்ந்துபோனார். முன்மாதிரி. அந்த வார்த்தைக்கு மயங்காத கண்காணிப்பாளர் உண்டா?

மறுநாள் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மனைவி நிர்மலாவும் கல்லூரியில் படிக்கும் மகள் உதயாவும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அவர் நுழைந்ததும் சிரிப்பு நின்றது. நிர்மலா தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வந்தவர் சும்மா இருந்தாரா? டிவி பார்ப்பதற்கு நேர அட்டவணை போட்டார். அடுக்களை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். தாளிக்கும் அவசரத்தில் கடுகைத் தேடிய நிர்மலாவின் கை ஓமத்துக்குப் போனது. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்த பெண்ணிடம் மாமியாரை அனுசரித்துப் போவது எப்படி என்று விளக்கினார். அவள் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த புதன்கிழமை நிர்மலாவே அலுவலகப் படியேறினாள். ஞானம்மாள் விஜயராகவனையும் உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

“இவரு இல்லாத வீட்டுக்கு நாங்க பழகிட்டோம்ங்க,” என்றாள் நிர்மலா. “ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் இங்கயே வெச்சுக்குங்க.”

“நான் நல்லதுதானே சொல்லிக்கினு இருந்தேன்?”

“நல்லதுதான் சொல்றீங்க. நாங்க சொல்றத என்னிக்காவது கேட்டீங்களா? படிப்பு புடிக்கல, வேற சேரணும்னு உதயா எத்தினி நாளா அழுதுகினு இருக்கா, தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. மகள் எதைப் படிக்கிறாள் என்பதே ஒரு கணம் நினைவுக்கு வரவில்லை. சொல்வதற்கு அவரிடம் ஒரு யோசனையும் இல்லாமல் போனது, சர்வீஸில் அன்றுதான்.

இருக்கைக்குத் திரும்பியபோது அனுராதா நின்றிருந்தாள். வேலையை விடுவதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். அவள் தொடங்குவதற்குள் அவர் கேட்டார்.

“பையனுக்கு என்னா வயசும்மா?”

“அஞ்சு, சார்.”

“நீ ஆஸ்பத்திரிக்குப் போ. மலைக்கு நான் போறேன்.”

போனார். ஆடிக் கிருத்திகையன்று மலையடிவாரத்துச் சரவணப்பொய்கைக் குளத்தின் பக்கம் போட்டிருந்த அறிவிப்புப் பந்தலில் அவருக்கு இடம். காணாமல்போன குழந்தைகளின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். மைக்கை அவரிடம் கொடுத்தவர் யாரோ, விஜயராகவனைத் தெரியாதவர் போலும். கனகம்மாசத்திரத்திலிருந்து வந்த குழந்தை பெற்றோரைத் தேடுகிறது என்று தொடங்கியவர், பிள்ளையின் கையை விட்டுவிட்டு செல்போனைப் பிடித்துக்கொள்ளும் தகப்பன்மாரைப் பற்றிப் பேசலானார். அரோகரா முழக்கத்துக்கு நடுவில் குடும்பப் பொறுப்பு பற்றிய சொற்பொழிவு குளத்தைச் சுற்றி ஒலித்தது. பூக்காவடியோடு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து மரியாதையாக மைக்கை வாங்கிக்கொண்டார். கூட்டத்தில் நிர்மலாவும் உதயாவும் இருந்தார்கள். உதயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை விஜயராகவன் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள், சிரிப்பை நிறுத்தவில்லை. அவருக்கு அது ஏனோ பிடித்திருந்தது.

அனுராதாவின் மகன் மறுநாளே ஐஸ்கிரீம் கேட்டான். அவள் வேலையை விடவில்லை. எல்லப்பனுக்குப் பெரும்பாலான நாட்களில் கண்டிகை பஸ் கிடைக்கிறது. வீட்டில் உதயா பேசும்போது விஜயராகவன் சூடான காபியை வாயில் வைத்திருப்பவரைப் போல உதட்டை இறுக்கிக்கொண்டு கேட்கிறார்.

திருந்திவிட்டாரா? அதைத்தான் சொல்ல முடியவில்லை. இப்போது அலுவலகத்துக்கு யார் வந்தாலும் உட்கார வைத்து, பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்று அரை மணி நேரம், எதிராளியை ஒரு வார்த்தை பேசவிடாமல், விளக்குகிறார்.

படித்துக்கொண்டே வந்த உங்களுக்கு, அலுவலகத்திலோ வீட்டிலோ யாரோ ஒருவர் முகம் தோன்றியிருக்கும். இதை அவருக்கு அனுப்பினால் உபயோகமாக இருக்குமே என்று கை போனுக்குப் போயிருக்கும். அனுப்புங்கள், தடையில்லை. ஆனால் அவர் இதைப் படிக்கும்போது யார் முகம் தோன்றும் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.